மிகு பகு எண்களும் துறைமுகக் குமாஸ்தாவும்

வியாசர்பாடியை ஒட்டிய எம்.கே.பி. நகரின் மத்திய அவென்யூவில் எந்த மளிகைக் கடையின் முன்னால் நின்றாலும், வாசலில் அடுக்கியிருக்கும் முட்டைத் தட்டு ஒவ்வொன்றிலும் முப்பது குழிகள், வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசையில் அமைந்திருப்பதைக் காணலாம். அரைத் தட்டு கேட்பவருக்குப் பதினைந்தும், மூன்றில் ஒரு பங்கு கேட்பவருக்குப் பத்தும், ஐந்தில் ஒரு பங்கு கேட்பவருக்கு ஆறுமாகக் கடைக்காரர் எதையும் உடைக்காமலும் மிச்சம் வைக்காமலும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். தட்டில் இருபத்தொன்பது குழிகள் இருந்திருந்தால் இந்த வசதியில் ஒன்றுகூட அவருக்குக் கிடைத்திராது. முழுத் தட்டை விற்கலாம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக விற்கலாம், அவ்வளவுதான். அருகருகே உள்ள இரண்டு எண்களுக்குள் இத்தனை சுபாவ பேதம் எதனால் வருகிறது என்று கேட்கத் தொடங்கினால், நாம் இந்த அத்தியாயத்தின் விஷயத்துக்கு வந்துவிட்டோம்.

ஓர் எண்ணை மீதமில்லாமல் வகுக்கும் எண்கள் அதன் காரணிகள் என்பது பள்ளிப் பாடம். முப்பதுக்கு 1, 2, 3, 5, 6, 10, 15, 30 என எட்டுக் காரணிகள் உண்டு. இருபத்தொன்பதுக்கு 1, 29 என இரண்டே. இவ்வாறு ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அதன் காரணிகளின் எண்ணிக்கையை எழுதிக்கொண்டே போனால் 1, 2, 2, 3, 2, 4, 2, 4, 3, 4 என்று ஓர் எண்தொடர் கிடைக்கிறது. இது ஏறியும் இறங்கியும், ஒரு நியதிக்கும் கட்டுப்படாததுபோல் ஓடுகிறது. கணித சாஸ்திரத்தில் பிரசித்தி பெற்றவை இத்தொடர் இரண்டைத் தொடும் இடங்களே, அதாவது பகா எண்களே. யூக்ளிட் காலம் முதல் எத்தனையோ மேதைகள் தம் ஆயுளை அவற்றுக்குச் செலவிட்டிருக்கிறார்கள். ஆனால் இத்தொடரை மறுமுனையிலிருந்தும் பார்க்கலாம். தனக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகளைப் பெற்ற எண் எது எது என்று கேட்டால், 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040 என்று வேறொரு தொடர் வந்து நிற்கிறது. இவற்றையே மிகு பகு எண்கள் என்கிறோம்.

முப்பது இதில் இடம்பெறவில்லை என்பதை வாசகர் கவனித்திருக்கக்கூடும். எட்டுக் காரணிகள் என்ற பெருமையை இருபத்துநான்கு முன்பே பெற்றுவிட்டது. சமமாக வருபவருக்கு இங்கே மரியாதை இல்லை, மிஞ்ச வேண்டும். பொத்தானும் ஊக்கும் விற்கும் வியாபாரிகள் கணக்கிடும் குரோஸ், அதாவது பன்னிரண்டு டஜன், 144 ஆகிறது. அதற்குப் பதினைந்து காரணிகள். அதைவிடச் சிறியதான 120க்கோ பதினாறு! ஆகவே வியாபார சம்பிரதாயம் எப்போதும் மிகச் சிறந்ததையே தேர்ந்தெடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. எனினும் அது பெரும்பாலும் இந்தத் தொடரின் பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகவும் ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் பகுத்தனர். ஆங்கிலேயர் ஒரு பவுனை 240 பென்ஸாக்கினர். வட்டத்துக்கு 360 பாகை. இவை எல்லாம் மிகு பகு எண்களே. நமது ரூபாய், 1957-இல் நயாபைசா வரும்வரையில், 16 அணாவாகவும் 192 தம்பிடியாகவும் இருந்தது. 192க்குப் பதினான்கு காரணிகள் என்பதால் அது முதல் வரிசையைச் சேர்ந்ததல்ல என்றாலும், மூன்றில் ஒரு பங்கை 5 அணா 4 தம்பிடி என்று சுத்தமாக எழுத இடம் தந்தது. பழந்தமிழ்க் கணக்கின் முந்திரி, ஒன்றை 320 கூறாக்கியதில் ஒரு கூறு. 320க்கும் பதினான்கு காரணிகள்தாம். ஆனால் அவற்றுள் மூன்று இல்லை. காணி, மா, கால், அரை என்று அவ்வளவு நுட்பமாகப் பெயரிட்டுப் பிரித்த கணக்கர், மூன்று சகோதரர்களுக்கு ஒரு காணி நிலத்தைச் சமமாகப் பங்கிட நேரும்போது, முந்திரிவரை இறங்கியும் மீதி விழுவதைக் கண்டிருக்க வேண்டும். காரணிகளின் எண்ணிக்கை மட்டுமன்றி, அவற்றுள் எது எது இருக்கிறது என்பதும் பொருட்படுத்தத்தக்கதே.

காரணிகளை ஒவ்வொன்றாக எழுதாமலே எண்ணுவதற்கு ஓர் எளிய யுக்தி உண்டு. 360-ஐப் பகா எண்களாக உடைத்தால் 2³ × 3² × 5 என்று வரும். அதன் காரணி ஒன்றை உண்டாக்க வேண்டுமானால், இரண்டை எத்தனை முறை எடுப்பது என்பதற்கு நான்கு வழிகளும் (ஒரு முறையும் எடுக்காமல் விடுவதையும் சேர்த்து), மூன்றுக்கு மூன்று வழிகளும், ஐந்துக்கு இரண்டு வழிகளும் உள்ளன. 4 × 3 × 2, ஆக 24. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டியதுதான். இந்தச் சிறு விதியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதைக் காட்டியவர், எம்.கே.பி. நகருக்குத் தென்கிழக்கே, ரயில் பாதைகளையும் ஜார்ஜ் டவுனையும் தாண்டிக் கடற்கரை ஓரத்திலிருந்த துறைமுகக் கழக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த சீனிவாச ராமானுஜன்.

அவர் 1912 மார்ச் 1-ஆம் தேதி கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். ஆண்டுக்கு 360 ரூபாய் ஆகிறது. இதில் விதியின் விரலைக் காண விரும்புவோரை நாம் தடுக்கப்போவதில்லை, ஆனால் அவர்களோடு சேரப்போவதுமில்லை. கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியியலாளர். ராமானுஜனுக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரோ கணிதம் பயின்றவர். உத்தியோக நேரம் போக ராமானுஜனும் நாராயண ஐயரும் திருவல்லிக்கேணியில் சிலேட்டும் கையுமாக இரவு வெகுநேரம் கணக்குப் போட்டனர் என்பதும், காகிதத்துக்குப் பஞ்சப்பட்ட ராமானுஜன் துறைமுகத்தில் சரக்குச் சுற்றிவந்த தாள்களைத் தேடித் திரட்டினார் என்பதும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளில் பதிவாகியுள்ளன. அத்தகைய நினைவுகளையும் கடிதங்களையும் தேடிச் சேகரித்து 1968-இல் நூலாக்கியவர், வடசென்னையின் முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன். ராயபுரத்தில் 1993-இல் ராமானுஜனுக்கு ஒரு காட்சியகம் அமைந்ததும் அவருடைய முயற்சியால்தான். மேதையின் ஞாபகத்தைக் காக்கும் பொறுப்பை ஒரு பள்ளி ஆசிரியர் ஏற்றுக்கொண்டார் என்பது இப்பகுதி மக்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி.

1913 ஜனவரி 16-இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜிலிருந்த கணிதர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும், 1914 மார்ச் 17-இல் நெவாசா என்ற கப்பலில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டதும் பலரும் அறிந்த கதை. அதில் நாம் தங்க வேண்டியதில்லை. மறுவருஷம் லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில், 347-ஆம் பக்கம் தொடங்கி 409-ஆம் பக்கம் வரை, மிகு பகு எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. அதைக் கொண்டே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பட்டம் வழங்கியது. ஹார்டி வந்த டாக்சியின் எண்ணான 1729-ஐப் பற்றிப் பேசாத மேடை இல்லை; ஆனால் அந்த 1729க்கு உள்ள காரணிகள் எட்டு, அதற்குச் சற்று முந்திய 1680க்கோ நாற்பது. ராமானுஜன் மாதக்கணக்கில் உழைத்தது பின்னதன் இனத்துக்காகவே என்பதை மேடைகளில் சொல்வாரைக் காணோம்.

அந்தக் கட்டுரையின் தொடக்கத்திலுள்ள விஷயங்கள், பள்ளி மாணவனும் பென்சிலை எடுத்துச் சரிபார்க்கக் கூடியவை. மிகு பகு எண்கள் முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்குமா என்று கேட்டால், எந்த எண்ணையும் இரண்டால் பெருக்கிப் பாருங்கள். இரண்டின் அடுக்கு ஒன்று கூடுவதால் காரணிகளின் தொகை கட்டாயம் உயர்கிறது. ஆகவே ஒரு மிகு பகு எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் உள்ளாகவே, அல்லது அந்த இரட்டிப்பிலேயே, அடுத்தது வந்தாக வேண்டும். இனி அவற்றின் அமைப்பு. 18 என்பது 2 × 3². 12 என்பது 2² × 3. இரண்டிலும் அடுக்குகள் ஒன்றும் இரண்டுமே. இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆதலால் இரண்டுக்கும் ஆறாறு காரணிகள். சிறிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கைக் கொடுத்தால் எண் சிறுக்கிறது, காரணிகளோ குறைவதில்லை. இப்படி இடம் மாற்றிச் சிறிதாக்க முடிகிற எந்த எண்ணும் மிகு பகு எண்ணாக இருக்க முடியாது. இதிலிருந்து, மிகு பகு எண்ணொன்றில் 2, 3, 5, 7 என்று பகா எண்கள் இடைவெளியின்றி வரிசையாகவே வரவேண்டும் என்பதும், அவற்றின் அடுக்குகள் இடமிருந்து வலமாக ஒருபோதும் ஏறக்கூடாது என்பதும் நிரூபணமாகின்றன. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் ஒன்றுதான். இதற்கு 4, 36 என்ற இரண்டைத் தவிர விலக்கே இல்லை என்று ராமானுஜன் காட்டினார். அடுத்தடுத்து வரும் இரண்டு மிகு பகு எண்களின் விகிதம், போகப்போக ஒன்றை நெருங்கும் என்பதும் அவர் நிரூபித்ததே. தொடக்கத்தில் இரட்டிப்பு இரட்டிப்பாகத் தாவுபவை, தொலைவில் சென்றபின், தம் அளவோடு ஒப்பிடும்போது, நெருங்கி நெருங்கி நடக்கின்றன.

கட்டுரையோடு அவர் ஒரு பட்டியலையும் சேர்த்திருந்தார். நூறுக்கு மேற்பட்ட மிகு பகு எண்களை, யந்திரத் துணை ஏதுமின்றி, 6746328388800 வரையில் அதில் வரிசைப்படுத்தியிருக்கிறார். இந்தக் கடைசி எண்ணுக்கு 10080 காரணிகள். வரிசைப்படுத்துவது என்றால் சிரமம் இன்னதென்று சற்று யோசித்துப் பார்க்கவேண்டும்: ஓர் எண்ணுக்கு இத்தனை காரணிகள் என்று கண்டால் போதாது, அதற்குக் கீழே உள்ள கோடானுகோடி எண்களில் ஒன்றுகூட அதை எட்டவில்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும். அத்தனை உழைப்பிலும் ஒன்றே ஒன்று விடுபட்டுப்போயிற்று. அது 293318625600, பகுத்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19, காரணிகள் 5040. இதை 23-ஆல் பெருக்கிப் பார்த்தவர்கள் வியப்படைவார்கள், ஏனெனில் வருவது பட்டியலின் கடைசி எண்ணேதான். மகனைக் கடைசி வரியில் எழுதியவர் தகப்பனை வழியில் விட்டுவிட்டார். இது அவருடைய புகழுக்குக் குறைவாகாது; கையால் செய்த வேலை என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சியும் இல்லை.

ஹார்டி சென்னைச் சர்வகலாசாலைக்கு 1916-இல் அனுப்பிய அறிக்கையில், இந்தப் பிரச்சினை கணித ஆராய்ச்சியின் பிரதான வாய்க்கால்களிலிருந்து சற்று விலகி நிற்பது என்று அபிப்பிராயம் தெரிவித்தார். அதே மூச்சில், அதைக் கையாண்ட முறையின் அசாதாரணமான கூர்மையை ஐயமின்றிப் பாராட்டவும் செய்தார். விலகி நிற்கும் நீரும் அடியில் எங்கோ கடலோடு சேர்ந்ததாக இருக்கலாம் என்பது எண்ணூர் உப்பங்கழியின் ஓரத்தில் வாழ்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராமானுஜனின் கேள்வியும் அப்படிப்பட்டதே என்று தெரியவருவதற்கு எழுபது ஆண்டுகள் ஆயின.

இடையில் நம் நாட்டிலேயே இந்த வழியில் வந்த ஒருவரைக் குறிப்பிடாமல் போவது அநியாயம். குற்றாலத்துக்கு அருகில் வல்லத்தில் 1901-இல் பிறந்து, அண்ணாமலைச் சர்வகலாசாலையிலும் பின்னர் கல்கத்தாவிலும் பணிபுரிந்த எஸ்.எஸ். பிள்ளை, காரணிகளை எண்ணுவதற்குப் பதிலாகக் கூட்டினார். பன்னிரண்டின் காரணிகளைக் கூட்டினால் 1, 2, 3, 4, 6, 12 சேர்ந்து 28 ஆகிறது. இந்தக் கூட்டுத்தொகையில் தனக்கு முந்திய எல்லாவற்றையும் மிஞ்சுகிற எண்களை அவர் 1943-இல் ஆராய்ந்தார். அவை 1, 2, 3, 4, 6, 8, 10, 12, 16, 18, 20, 24 என்று தொடங்குகின்றன. இங்கே பத்து நுழைந்துவிட்டதைப் பாருங்கள்! பத்து என்பது 2 × 5, நடுவில் மூன்று இல்லை. பதினெட்டும் உள்ளே வந்துவிட்டது. எண்ணும்போது அத்தனை ஒழுங்காக அமைந்த கட்டுப்பாடு, கூட்டத் தொடங்கியதும் தளர்ந்துவிடுகிறது. ஆகவே இந்தத் தொடரின் இயல்பை வரையறுப்பது ராமானுஜனின் தொடரைக் காட்டிலும் கடினம். ராமானுஜனை அறிந்த அளவில் நூற்றில் ஒரு பங்கும் பிள்ளையைத் தமிழர் அறியார். 1950 ஆகஸ்ட் 31-இல், அமெரிக்கா நோக்கிச் சென்ற விமானம் கெய்ரோவுக்கருகே விழுந்து நொறுங்கியதில் அவர் காலமானார்.

காரணிகளைக் கொண்டு எண்தொடர் படைக்கும் ஆசை இப்போது யந்திரங்களையும் பற்றியிருக்கிறது. எடின்பரோவில் சைமன் கோல்டன் அமைத்த ஒரு கணினி நிரலுக்கு, ஹார்டி, ராமானுஜன் என்ற பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து எச்.ஆர். என்று பெயர். தன் காரணிகளின் எண்ணிக்கையாலேயே மீதமின்றி வகுபடும் எண்கள் எவை என்ற கேள்வியை அது தானாகவே எழுப்பி, 1, 2, 8, 9, 12, 18, 24, 36, 40 என்ற தொடரைக் கண்டது. இச்செய்தி 1999-இல் வெளியாயிற்று. கென்னடி, கூப்பர் என்ற இருவர் இதை 1990-லேயே ஆராய்ந்திருந்தனர் என்பது பிறகு தெரிந்தது. இத்தொடரில் வரும் ஒற்றைப்படை எண்கள் எல்லாம் வர்க்கங்களே என்பதை அந்த நிரல் கவனித்தது; காரணம் எளிது. காரணிகள் ஜோடி ஜோடியாக வருபவை; ஜோடியில்லாமல் தனித்து நிற்கும் காரணி வர்க்க எண்ணுக்கு மட்டுமே உண்டு, அதன் வர்க்கமூலமே அது. ஆகவே காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பது வர்க்க எண்களுக்கு மட்டுந்தான். ஒற்றைப்படை எண்ணை இரட்டைப்படை எண்ணிக்கை எப்படி வகுக்கும்? இதை ஒரு யந்திரம் கண்டதென்பது விநோதம். ஆனால் எத்தனை ஆயிரம் தொடர்களை அது கக்கினாலும், எதில் ஆழம் இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கும் நாசி அதற்கு இன்னும் அமையவில்லை என்பதே நம் கருத்து.

அந்த ஆழத்துக்கு வருவோம். 1915-இல் அச்சானது ராமானுஜன் எழுதியது முழுவதும் அல்ல. யுத்த காலத்தில் லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பண நெருக்கடி. கட்டுரையின் பிற்பகுதி நின்றுவிட்டது. அது கையெழுத்துப் பிரதியாகவே கேம்பிரிட்ஜில் கிடந்து, 1988-இல் அவருடைய மற்ற வெளிவராத எழுத்துக்களோடு படியெடுக்கப்பட்டு, 1997-இல் நிக்கோலா, ரோபேன் என்ற பிரெஞ்சுக் கணிதர் இருவரின் குறிப்புகளுடன் முறையாக அச்சேறியது. காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு உயரம் ஏறக்கூடும் என்பதை, ரீமன் கருதுகோள் மெய்யென்று வைத்துக்கொண்டு, ராமானுஜன் அதில் கணித்திருந்தார். பகா எண்கள் எவ்விதம் பரவிக் கிடக்கின்றன என்பதன் மர்மம் அடங்கிய அக்கருதுகோளை 1859 முதல் இன்றுவரை எவரும் நிரூபித்ததில்லை, மறுத்ததுமில்லை. மிகக் குறைந்த காரணிகளை உடைய பகா எண்களின் இரகசியமும், மிக அதிகமான காரணிகளை உடையவற்றின் இரகசியமும் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன.

அதைத் திட்டவட்டமாகச் சொன்னவர் ரோபேன், 1984-இல். ஓர் எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அந்த மடக்கைக்கும் மறுபடி மடக்கை எடுத்து, அதை அந்த எண்ணாலும், 1.781 என்று தொடங்கும் ஒரு மாறிலியாலும் பெருக்கினால் ஒரு வரம்பு கிடைக்கிறது. 5040-ஐ விடப் பெரிய எண் ஒவ்வொன்றின் காரணிக் கூட்டுத்தொகையும் தன் வரம்புக்குக் கீழேயே அடங்குமானால் ரீமன் கருதுகோள் மெய். ஒன்றே ஒன்று தப்பினாலும் பொய். 5040-இன் காரணிகளைக் கூட்டினால் 19344. அதன் வரம்பு ஏறத்தாழ 19237. மீறிவிட்டது. அதன் இரட்டிப்பான 10080-இன் கூட்டுத்தொகை 39312, வரம்பு ஏறத்தாழ 39877. அடங்கிவிட்டது. இரண்டு முதல் 5040 வரையில் வரம்பை மீறுபவை மொத்தம் இருபத்தேழு எண்கள். அவற்றுள் நூறைக் கடந்தவை 120, 180, 240, 360, 720, 840, 2520, 5040 என்ற எட்டும் மிகு பகு எண்களே, நாழிகைக்காரரின் அறுபதும் அந்த இருபத்தேழில் உண்டு. 5040க்கு அப்பால் வரம்பை மீறுவது இதுவரை ஒன்றுகூட அகப்படவில்லை. அப்படி ஒன்று இருக்குமானால் அவற்றுள் மிகச் சிறியது, காரணிக் கூட்டுத்தொகைக்கும் தனக்கும் உள்ள விகிதத்தில் முந்தியவை அனைத்தையும் மிஞ்சிய எண்ணாகவே இருந்தாக வேண்டும் என்று அக்பரி, பிரிக்ஸ்டாட் இருவரும் 2009-இல் நிரூபித்தனர். ஆகவே தேடப் புறப்படுவோர் எல்லா எண்களையும் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அந்த ஒரு தொடரில் மட்டும் வரிசையாகச் சோதித்துக்கொண்டு போனால் போதும்.